வேலைக்குப் போகும் வீட்டில் கணக்குப் பாடம்

(பொன்விழா ஆண்டை முன்னிட்டு நம் பங்கு மண்டபத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், பங்குமக்களில் ஒருவரான பேருந்து நடத்துநர் ஆற்றிய உரை)



மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவன் நான். "படியில நிக்காதே, உள்ளே தள்ளிப் போ" என்று பஸ்ஸுக்குள் கத்திப் பழகிய குரல் இது. வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றிப் பேசும்படி சுவாமி அவர்கள் கேட்டபோது, "நம் பங்கில் இத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்களே, சுவாமி" என்றேன். "ஆசிரியருக்குத் தெரிந்ததை ஆசிரியர் சொல்வார். நேரமே இல்லாத வீட்டில் எப்படி நேரம் கிடைத்தது என்பதை நேரம் இல்லாதவன்தான் சொல்ல வேண்டும்" என்றார்கள். அந்தக் கட்டளைக்குப் பணிந்து நிற்கிறேன். என் பேச்சில் பெருமை கொஞ்சம்தான் இருக்கும். வெட்கப்பட வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது என் மகள் நான்காம் வகுப்பு. நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மறுபடியும் திறந்தது 2021 நவம்பர் முதல் தேதியில். இடையில் ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள். நான்காம் வகுப்பில் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்த குழந்தை, ஆறாம் வகுப்பில்தான் மறுபடியும் வாசற்படி மிதித்தாள்.

என் மனைவி நர்ஸ். ஊரெல்லாம் வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில் அவளுக்கு வேலை இரட்டிப்பு. ஒரு வாரம் காலை ஏழு முதல் இரண்டு, ஒரு வாரம் பகல் இரண்டு முதல் ஒன்பது, ஒரு வாரம் இரவு முழுதும். எனக்கோ பஸ் ஓடினால் விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டில் என் தாயார் உண்டு; பிள்ளைகளுக்கு அப்பாயி. அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல செல்போன். பள்ளிப் பாடம் அந்தப் போனுக்கு வரும். போனோ மனைவியோடு வார்டுக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனால் என் மகள் எந்த இடத்தில் நின்றுபோனாள் என்று தொலைக்காட்சிப் பெட்டிக்கு எப்படித் தெரியும்?

ஆகவே நாங்களே சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தோம். மற்ற பாடங்களை அவளே வாசித்துக்கொள்வாள். கணக்கு அப்படியல்ல. ஒரு படி உடைந்தால் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. வாய்ப்பாடு வராதவனுக்கு வகுத்தல் வராது. வகுத்தல் வராதவனுக்குப் பின்னம் வராது.

உடனே ஓர் அட்டையில் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். "மாலை 6 முதல் 7 வரை கணக்கு." எங்கள் டிப்போவில்கூட அத்தனை அழகான அட்டவணை கிடையாது. அது ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் மனைவிக்கு டூட்டி மாறியது, எனக்கு வண்டி மாறியது, அட்டவணை சுவரில் மட்டும் இருந்தது. விட்டுப்போன நாட்களை ஒரே மூச்சில் சரிக்கட்ட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு. பெரியோர்களே, அங்கேதான் தவறினேன்.

ஒரு நாள் இரவு எட்டரை மணி. காலை நான்கு மணிக்கு எழுந்தவன் நான். மகளை உட்காரவைத்து 612-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னேன். ஆறில் ஆறு ஒரு தடவை என்று 1 போட்டாள். அடுத்தது 1, அதில் ஆறு போகாது என்று தாண்டிவிட்டாள். பன்னிரண்டில் ஆறு இரண்டு தடவை என்று 2 போட்டாள். விடை 12 என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நடுவில் வரவேண்டிய பூஜ்யத்தை விட்டுவிட்டாள். மறுபடி செய்யச் சொன்னேன், மறுபடியும் 12. மூன்றாம் முறையும் 12. "612 பேரை ஆறு பஸ்ஸில் ஏத்தினா பஸ்ஸுக்குப் பன்னிரண்டு பேரா? உனக்கு மூளை இருக்கா?" என்று கத்தினேன். கத்தியதோடு நிற்கவில்லை, நோட்டைப் பிடுங்கித் தூக்கி எறிந்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்த நோட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்து கிடைத்தது. எடுத்தவர் என் தாயார். "ஏன்டி கண்ணு இங்க வச்சே?" என்று கேட்டதற்கு, "எனக்குக் கணக்கு வராது அப்பாயி, அப்பாக்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாளாம்.

மனைவி அன்று இரவு வேலை முடிந்து காலையில் வந்தாள். விஷயம் கேட்டு ஒன்றும் பேசாமல் காபி போட்டாள். பிறகு சொன்னாள்: "ஏங்க, ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டிட்டு அஞ்சு ரூபாய் டிக்கெட் கேக்குறவன்கிட்டகூட நீங்க இப்படிக் கத்தமாட்டீங்களே." நான் வாயடைத்துப் போனேன்.

அந்தக் காலைக் காபி நேரத்தில்தான் நாங்கள் இருவரும் முதல்முறையாகக் கணக்குப் போட்டோம். பிள்ளையின் கணக்கை விட்டுவிட்டு எங்கள் நேரக் கணக்கைப் போட்டோம். அந்த வாரத்தில் நாங்கள் இருவரும் விழித்தபடி ஒன்றாக வீட்டில் இருந்த நேரம் ஏழு மணி. அதற்குள் சமையல், துணி, தூக்கம் கெட்ட கண். இதில் தினம் ஒரு மணி கணக்குப் பாடம் என்பது கையில் பத்து ரூபாய் வைத்துக்கொண்டு நூறு ரூபாய்க்குச் சாமான் எழுதுவது போன்றது. அட்டவணை தோற்றதற்குப் பிள்ளை காரணமல்ல, அட்டவணைதான் காரணம்.

பிறகு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஒத்து வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பாடத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல், எப்படியும் தினம் நடக்கிற ஒரு வேலையோடு கட்டினோம். மணி மாறும்; டூட்டி மாறும்; வீட்டில் இட்லி வேகாத நாள் அரிது. தட்டு அடுப்பில் ஏறினால் வேக ஏறக்குறைய பத்து நிமிடம். அது வாய்ப்பாட்டு நேரம். அடுப்புக்கு முன்னால் நிற்பவர் யாரோ அவரே ஆசிரியர். அதேபோல, மாலை செபமாலைக்கு முன் பாய் விரித்ததும் கால் மணி நேரம் நோட்டுக் கணக்கு. புதிய பாடம் ஏதும் ஒரு தடவைக்குக் கால் மணிக்கு மேல் இல்லை. பாதிக் கணக்கில் நேரம் முடிந்தால் பாதியிலேயே மூடிவிடுவோம். அடுத்த நாள் அந்த இடத்திலிருந்து தொடங்குவது எளிதாக இருந்தது.

இரண்டாவது, ஆணியில் தொங்கும் நோட்டு. டிரைவர் மாறும்போது வண்டியில் என்ன கோளாறு என்று அடுத்தவருக்குக் குறிப்பு எழுதிவைப்பது உண்டு. வார்டிலும் டூட்டி மாறும்போது நர்ஸ் அடுத்த நர்ஸிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் சொல்லிவிட்டுத்தான் போவார். எங்கள் வீட்டுக்கும் அதையே கொண்டுவந்தோம். யார் பாடம் எடுத்தாலும் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். "வகுத்தலில் நடுப் பூஜ்யம் இன்னும் தடுமாற்றம்." "7 எட்டு இன்று தயங்காமல் வந்தது." மற்றவர் வந்ததும் அதைப் பார்ப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்க்க முடியாத நாட்களில், நானும் மனைவியும் பேசிக்கொண்டதுகூட அந்த நோட்டில்தான் என்று சொல்லலாம்.

மூன்றாவது, வாய்ப்பாட்டை ஒரு மலையாகக் காட்டுவதை நிறுத்தினோம். ஒன்றும் பத்தும் எல்லாருக்கும் வரும். இரண்டிலிருந்து ஒன்பது வரையுள்ள வாய்ப்பாட்டில் 64 பெருக்கல் இருக்கின்றன. ஆனால் 3 பெருக்கல் 7-ம் 7 பெருக்கல் 3-ம் ஒன்றுதானே? அப்படிச் சேர்த்தால் 36 தான். அதில் இரண்டாம் வாய்ப்பாடும் ஐந்தாம் வாய்ப்பாடும் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அவற்றைக் கழித்தால் மீதி 21. இதை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது, "இவ்வளவுதானாப்பா?" என்று கேட்டாள். வாரத்துக்கு இரண்டு என்று வைத்தோம். பதினோரு வாரத்தில் தாள் முழுதும் அடிக்கப்பட்டது. மறந்தால் தானே கண்டுபிடிக்கவும் வழி சொன்னோம். 7 எட்டு மறந்தால், 7 நான்கு 28. அதை இரட்டித்தால் 56. வழி தெரிந்த பிள்ளைக்கு மறதியைப் பற்றிப் பயம் இல்லை.

நான்காவது, அவரவர் தொழிலில் உள்ள கணக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அப்போது எங்கள் வண்டியில் சீட்டுக் கட்டுதான். "கிளம்பும்போது கட்டின் மேலே இருந்த எண் 347, திரும்பும்போது மேலே இருந்தது 412. எத்தனை சீட்டுக் கிழித்தேன்?" என்பேன். கழித்துப் பார்த்து 65 என்பாள். "347-லிருந்து 412 வரை எண்ணிப் பாரேன்" என்றால் 66 வரும். எது சரி? 412-ஆம் சீட்டு இன்னும் கிழிக்கப்படவில்லை, ஆகவே 65 என்று அவளே கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. "சரி, அம்மாவுக்கு 3-ஆம் தேதியிலிருந்து 9-ஆம் தேதி வரை இரவு வேலை. எத்தனை இரவு?" இங்கே கழித்தால் 6, ஆனால் இரண்டு தேதியும் சேரும், ஆகவே 7. எப்போது ஒன்று கூட்ட வேண்டும், எப்போது கூடாது என்பதில் பெரியவர்களே தடுமாறுகிறோம் அல்லவா?

மனைவி கொண்டுவந்த கணக்கு இன்னும் நல்லது. "500 மில்லி பாட்டில். நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும். இந்தக் குழாயில் ஒரு மில்லிக்கு 20 துளி. நிமிடத்துக்கு எத்தனை துளி விட வேண்டும்?" 500 பெருக்கல் 20, பத்தாயிரம் துளி. நான்கு மணி என்றால் 240 நிமிடம். வகுத்தால் 41, மீதி 160. "மீதியை என்ன செய்வது?" என்று கேட்டாள் மகள். "துளியைப் பாதியாக வெட்ட முடியுமா? 160 என்பது 240-இல் பாதிக்கு மேல். ஆகவே 42 என்று வைப்போம்" என்றாள் தாய். மீதி என்பது தாளின் ஓரத்தில் எழுதிவிட்டு மறக்கிற எண்ணல்ல என்று அன்றுதான் என் மகளுக்குத் தெரிந்தது. தன் தாய் இரவெல்லாம் என்ன செய்கிறாள் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

ஐந்தாவது, அப்பாயி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கணக்குக்கு என்ன உதவி என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டின் சிறந்த ஆசிரியை அவர்கள்தான். பின்னத்தில் மகளுக்கு ஒரு குழப்பம். நான்கைவிட எட்டுப் பெரியது; ஆகவே நான்கில் ஒன்றைவிட எட்டில் ஒன்று பெரியது என்பாள். இது பல பிள்ளைகளுக்கு வருகிற குழப்பம். நான் படம் போட்டேன். தோசையை வெட்டிக் காட்டினேன். தலையாட்டினாள், மறுநாள் மறந்தாள். என் தாயார் பரணிலிருந்து பழைய அளவுப் பாத்திரங்களை இறக்கினார்கள். படி, உரி, உழக்கு, ஆழாக்கு. "இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. நீயே அரிசி போட்டு அளந்து பாரு" என்றார்கள். படியை நிரப்ப உழக்கால் நான்கு தரம், ஆழாக்கால் எட்டு தரம். பாத்திரம் சிறுத்தால் தரம் கூடும். எட்டில் ஒன்று எப்படி நான்கில் ஒன்றைவிடச் சின்னது என்பதை அவள் கையே சொல்லிவிட்டது.

அந்தக் காலத்தில் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். அரை, கால், அரைக்கால் மட்டுமல்ல. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, இரண்டும் சேர்ந்தால் மாகாணி. மகளைக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். எண்பதில் நான்கும் எண்பதில் ஒன்றும் சேர்ந்து எண்பதில் ஐந்து. அதாவது பதினாறில் ஒன்று. பெயருக்குள்ளேயே கூட்டல் இருக்கிறதே என்று எனக்கே வியப்பாக இருந்தது. கணக்கு நம் வீடுகளுக்குப் புதிதாக வந்த விருந்தாளி அல்ல. பரணில் ஏற்றிவைத்தது நாம்தான்.

அப்பாயிக்கு இன்னொரு வேலையும் கொடுத்தோம். அன்றைய கணக்கை மகள் அவர்களுக்கு வாயால் விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களிடம் நோட்டை நீட்டித் தப்பிக்க முடியாது. "ஏன் அப்படி?" என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தெரிந்த பாட்டுதான் வாயில் வரும். தெரியாத இடத்தில் பேச்சு நின்றுவிடும். எங்கே நின்றதோ அதுதான் நாளைய பாடம். அதற்குப் பெற்றோர் வீட்டில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆறாவது, எனக்காகவே மனைவி போட்ட சட்டம். கோபம் வந்தவர் நோட்டை மூட வேண்டும். பிள்ளை அழுத பிறகு மூடுவதில் பயனில்லை. நம் குரல் ஏறுகிறது என்று தெரிந்த உடனே மூட வேண்டும். மூடிவிட்டு, "அப்பாவுக்குக் களைப்பு, தப்பு உன்மேல இல்ல" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் மாதம் நான் பலமுறை மூடினேன். பிறகு குறைந்தது. இரட்டை டூட்டி பார்த்த நாளிலும் இரவு வேலைக்கு முந்திய நாளிலும் புதுப் பாடம் கிடையாது. தெரிந்த பழைய கணக்கு இரண்டு போட்டு, சரி போட்டு, கைதட்டி எழுந்துவிடுவோம். விட்டுப்போன நாளைப் பிடிக்க ஓடுவதும் கிடையாது.

சட்டம் போட்ட முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் நான் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அதே கணக்கை மெதுவான குரலில் கேட்டேன். "612 பேர், ஆறு பஸ். பஸ்ஸுக்குப் பன்னிரண்டு பேர்தான் ஏத்தினா, மொத்தம் எத்தனை பேர் ஏறியிருப்பாங்க?" யோசித்தாள். "எழுபத்திரண்டு." "மத்தவங்க?" "ஐயையோ, பஸ் ஸ்டாண்டிலேயே நிக்கிறாங்கப்பா" என்று சிரித்தாள். பூஜ்யத்தைத் தானே நடுவில் போட்டாள். 102. "ஒரு பஸ்ஸுக்கு 102 பேர் ஏறுவாங்களா?" என்று கேட்டாள். "நம்ம டவுன் பஸ்ஸில் வந்து பாரு" என்றேன். கவனியுங்கள்: நான் அன்றிரவு கத்தியதும் இதே கேள்விதான். குரல்தான் வேறு.

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்குக் கால் மணி என்றால் 75 நிமிடம். வருடத்தில் பண்டிகை, நோய், விருந்து எல்லாம் போக 40 வாரம் என்று வையுங்கள். மூவாயிரம் நிமிடம், அதாவது 50 மணி நேரம். பொன்விழாவுக்குப் பொருத்தமான எண்! தினம் ஒரு மணி என்று எழுதிய என் அட்டவணை கொடுத்தது ஒன்பது மணி நேரம் மட்டுமே.

பலன் என்ன என்று கேட்பீர்கள். என் மகள் கணக்கில் முதல் மாணவி ஆகவில்லை. பள்ளி திறந்து முதல் தேர்வில் நூற்றுக்கு அறுபத்தி நான்கு வாங்கினாள். ஆனால் அந்த விடைத்தாளை அவளே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிக்கவில்லை. எந்தக் கணக்கு ஏன் தப்பாயிற்று என்று அவளே விளக்கினாள். "எனக்குக் கணக்கு வராது" என்று அதற்குப் பிறகு அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "இது இன்னும் வரல" என்று சொல்கிறாள். அந்த "இன்னும்" என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை பாடும்.

அன்பார்ந்த பெற்றோர்களே, பள்ளிகள் திறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி எதற்கு வீட்டுப் பாடம் என்று எண்ண வேண்டாம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நம் பிள்ளை எந்தப் படியில் கால் தவறியது என்பதை, தினம் கால் மணி பக்கத்தில் உட்காருகிறவரே முதலில் அறிவார். அதற்குப் பட்டம் தேவையில்லை. காய்கறி விற்பவர் தராசையும், கொத்தனார் மட்டப்பலகையையும் அளவு நாடாவையும், தையல்காரர் இஞ்சு டேப்பையும் வீட்டுக்குக் கொண்டுவரட்டும். விடை தெரியாவிட்டால், "எனக்கும் தெரியல, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதனால் பிள்ளையின் மதிப்பு குறையாது. நம் மதிப்பும் குறையாது.

வீட்டில் யாருமே இல்லாத நேரம் அதிகமுள்ள குடும்பங்களும் நம் பங்கில் உண்டு. மேல் வகுப்புப் பிள்ளைகள் சிலர், ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் அரை மணி நேரம் சின்னப் பிள்ளைகளோடு இதே மண்டபத்தில் உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சுவாமி அவர்கள் மனம் வைத்தால், முதல் ஞாயிறு என் மகளை நானே அழைத்து வருகிறேன். ஆழாக்கும் உழக்கும் எங்கள் வீட்டிலிருந்தே வரும்.

நாளை விடியற்காலை எனக்கு முதல் வண்டி. இன்று மாலைக் கால் மணி இன்னும் பாக்கி இருக்கிறது. ஆணியில் நோட்டுத் தொங்குகிறது. ஆகவே விடைபெறுகிறேன்.